ரியூப்பா விஷயமாக

அன்புள்ள இல்வாவுக்கு,

நான் சுகம், வீடு சுகம், லாயத்தில் பதினொரு குதிரைகளும் சுகம். நீயும் ஜெர்மனியில் சுகமாகத்தான் இருப்பாய். நலம் விசாரிப்பை முதலிலேயே முடித்துவிடுகிறேன், இதற்குக் கீழே எழுதப்போவதில் அன்பாக ஒன்றும் இல்லை. புதன்கிழமை, உறைந்த ஏரியின் நடுவில் நின்றுகொண்டு நான் சொல்லாமல் விட்டவை இரண்டு. உன் சிநேகிதி வீப்கேயிடம், என் மகள் இந்தக் குதிரை ரியூப்பாவை உங்களுக்கு விற்கப்போகிறாள் என்பதே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. இதன் முன்னங்காலில் ஒரு வலி உண்டு, குளிர் கூடினால் நொண்டும் என்றும் சொல்லவில்லை. முதலாவது உண்மை, இரண்டாவது பொய். எதைச் சொல்லியிருந்தாலும் அவள் கடிவாளத்தை என் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஊர் போயிருப்பாள்.

காசு கொடுத்துத் தங்கும் குளிர்கால சவாரிக்கு என்று சனிக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் எப்போதும் வருகிறவர்களைப் போலத்தான், குதிரையைக் கண்டால் ஆசை, பனிக்கட்டியைக் கண்டால் பயம். நாலாவது வீப்கே. வந்து இறங்கியதுமே ரியூப்பாவைத்தான் கேட்டாள், பெயர் சொல்லிக் கேட்டாள். மகள் நம் குதிரையைப் பற்றி அங்கே பெருமை பேசியிருக்கிறாள் என்று நான் பூரித்துப்போய் அன்று அவளுக்கு மட்டும் புகைபோட்ட ஆட்டிறைச்சி இரண்டு துண்டு கூடுதலாக வைத்தேன். எனக்கு எவ்வளவு அறிவு பார். முன்னால் போகிற குதிரையை விருந்தாளிக்குக் கொடுப்பது நம் வழக்கமில்லை, ஆனாலும் உன் பெயரைச் சொன்னாள் என்பதற்காகக் கொடுத்தேன். புதன்கிழமை வெயில் நன்றாக இருந்தது, பதினொரு மணிக்கே மலைக்கு மேல் வந்துவிட்டது. பனிக்கட்டியில் வழுக்காமலிருக்க லாடங்களில் புது ஆணி அடித்து எல்லோரையும் ஏரிக்கு இறக்கினோம். பக்கத்துப் பண்ணை டோர்ஃபி வழக்கம்போலக் கடைசியில் வந்தான், பயந்துபோனவர்களிடம், விழுறதுன்னா இப்பவே விழுந்துடுங்க, கரைகிட்ட விழுந்தா தூக்க எனக்குக் கிட்டக்க இருக்கும் என்று சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தான். வீப்கே ரியூப்பாவை முதுகு குலுங்காத டோல்ட் நடையில் விட்டாள். நன்றாக ஓட்டுகிறாள், அதை மறைக்க மாட்டேன். எதிர்க்கரைவரை போய்த் திரும்பி வந்து இறங்கினாள். இறங்கிய கையோடு கையுறையைக் கழற்றிவிட்டு நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், உதட்டைத் தூக்கிப் பல் பார்த்தாள். டோர்ஃபி என் பக்கத்தில் வந்து, ஸ்வாலா, இந்தம்மா சவாரிக்கு வரல, சந்தைக்கு வந்திருக்கு என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளும் நிமிர்ந்து சிரித்துக்கொண்டே, இல்வா சொன்னதைவிட நல்லாவே இருக்கு, அடுத்த வெள்ளிக்கிழமை விமானத்துல இதுக்கு இடம் சொல்லி வச்சிருக்கேன், நீங்க தினமும் ஏறுறவங்க, ஏதாவது குறை இருந்தா மறைக்காம சொல்லுங்க என்றாள். டோர்ஃபி என் முகத்தைப் பார்த்தான். நான், சூப் ஆறிடும், கிளம்பலாம் என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு லாயத்தில் டோர்ஃபி என்னை விடவில்லை. ஒரு இருமல் இருக்குன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே, உனக்கு வாய்ல என்ன கொழுக்கட்டையா, எங்கப்பா மூணு குதிரையை இப்படித்தான் வெளியூர் போகாமக் காப்பாத்தினாரு என்றான். அதுக்கப்புறம் உங்கப்பாகிட்ட யாராவது குதிரை வாங்கினாங்களா என்று கேட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு வைக்கோல் எடுக்கப் போய்விட்டான். அவனுக்கு நான் எல்லாவற்றையும் விளக்க முடியாது, யாருக்கும் விளக்கும் பழக்கம் எனக்கில்லை, உனக்குத் தெரியும். விற்றது அடுத்தவள் இல்லை, என் மகள். விருந்தாளி முன்னால் உன்னைப் பொய்க்காரியாக நிறுத்த எனக்கு நாக்கு வரவில்லை. அந்த மரியாதையை நீ எனக்குத் தரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

குதிரை உன்னுடையதுதான், அதை நான் மறுக்கவில்லை. பதினான்கு வயதில் தேவாலயத்தில் உன் திடப்படுத்தல் சடங்கு முடிந்த அன்று, சாம்பல் நிறத்தில் நாலு வயசுக் குட்டியாய் நின்றதை உன் கையில் பிடித்துக் கொடுத்தேன், பதிவேட்டிலும் உன் பெயரையே எழுத வைத்தேன். இந்தக் கரையில் பிள்ளைகளுக்கு எல்லோரும் செய்வதுதான். குதிரை லாய வேலைக்கு என்று நீ வெளிநாடு கிளம்பியபோது, உன் பேருக்கு மாத்திடலாமாம்மா என்று நீயாகவே கேட்டாய். கொடுத்ததை யாராவது திரும்ப வாங்குவார்களா என்று சொன்னேன். என் தவறு அது ஒன்றுதான். ஆனால் நீ போன பிறகு அதன் மேல் ஏறியது நான், பின்னால் விருந்தாளி பயந்து கத்தும்போதும் நடை மாறாமல் போக அதற்குச் சொல்லிக் கொடுத்தது நான். போன மார்ச்சில் ஏரியில் ஆறு வந்து விழும் பக்கம் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனபோது அது சட்டென்று நின்றுவிட்டது, குதிகாலால் தட்டினேன், திட்டினேன், ஒரு அடி வைக்கவில்லை. இறங்கிப் போய்க் கோலால் குத்திப் பார்த்தால் இரண்டு விரல் கனம்கூடப் பனிக்கட்டி இல்லை, கீழே கறுப்புத் தண்ணீர். இனிமேல் எந்தக் குதிரையை முன்னால் விட்டு நான் ஏரியில் இறங்குவது, அதையும் நீயே எழுது.

பணம் வேண்டுமென்றால் கேட்டிருக்கலாம், அந்தக் கணக்குக்குள் நான் போகவில்லை. இந்தத் தீவுக்குள்ளேயே யாருக்காவது விற்றிருந்தாலும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்ப் பார்த்து வந்திருப்பேன். வெளியே போன குதிரை, நோய் கொண்டுவரும் என்று, மறுபடி இந்த மண்ணில் கால் வைக்கக்கூடாது என்ற சட்டம் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். அங்கே கோடையில் கடிக்கிற பூச்சியைப் பற்றி எனக்கு எழுதியதும் நீதான். நம்ம ஊர்க் குதிரைகளால தாங்க முடியலைம்மா, பிடரி மயிரெல்லாம் கொட்டி ரத்தம் வர்ற வரைக்கும் மரத்துல உரசிக்குதுங்க, பார்க்க முடியலை என்று போன ஆகஸ்டில் எழுதினாய். அந்தக் கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது, நேற்று எடுத்துப் படித்தேன். பத்து வயதுவரை அந்தப் பூச்சியே கடித்திராத ஒன்றை அங்கே அனுப்புகிறாய்.

நீ கொடுத்துவிட்ட பொட்டலத்தை வீப்கே கொடுத்தாள். நான் பின்னிக் கொடுத்த கையுறைகள், கட்டைவிரல் கிழிந்திருக்கிறது, தைத்து அனுப்பு என்று சீட்டு வேறு. கையில் எடுத்ததும் குதிரை வாசனை. அங்கே நோய் கண்ட லாயங்களில் போட்டுக்கொண்டதைத் துவைக்காமல்கூட நம் வீட்டுக்கு அனுப்புகிற அளவுக்கு இரண்டே வருடத்தில் மறந்துபோனாயா? இங்கே ஒரு குதிரைக்கும் அந்த நோய்களுக்கான தடுப்பு கிடையாது. அடுப்பில் போட்டுவிட்டேன். கம்பளி எரியும் நாற்றம் சமையலறையில் இன்னும் போகவில்லை. வீப்கேயை நான் குறை சொல்லவில்லை, சொன்னதும் முகம் வெளுத்து, தெரியாதுங்க, இல்வா ஒண்ணும் சொல்லலையே என்றாள். நீ சொல்லாதது இவ்வளவு இருக்கிறது.

மற்றபடி டோர்ஃபியின் மனைவிக்கு இரட்டைப் பெண் குழந்தைகள், ஒன்று அப்படியே டோர்ஃபி, பாவம். லாயத்துக் கூரையில் காற்று இரண்டு தகரத்தைப் பெயர்த்துவிட்டது, நானே ஏறி அடித்தேன். உன் அறையை என் புத்தகங்களுக்கு எடுத்துக்கொண்டேன், கட்டில் மட்டும் அப்படியே இருக்கிறது. தொலைபேசியில் கூப்பிடாததற்குக் காரணம் உண்டு. நீ அழுவாய், நான் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று வைத்துவிடுவேன், பேச வேண்டியது பேசாமலே நிற்கும். உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினேழு வயது, உன்னைவிட மூன்று வயது சின்னவள். யாரையும் கேட்காமல் முடிவெடுக்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று நான் வெளியே தேட வேண்டியதில்லை. அதற்காகக் கோபம் குறைந்துவிடவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. உடைந்த தலைக்கவசத்தை ஒட்டிப் போட்டுக்கொள்ளாதே, புதிது வாங்கு. உன் உடம்புக்கும் உன் வேலைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது, அதை மனதாரத்தான் சொல்கிறேன். ஜூலையில் வருவதாக இருந்தால் பூட்ஸ், சேணம், கையுறை எதையும் தூக்கிக்கொண்டு வராதே, தலையைக்கூட நன்றாகக் கழுவிக்கொண்டு வா. போனால் திரும்பக்கூடாது என்ற சட்டம் குதிரைக்கு மட்டும்தான்.

உன் அம்மா,
ஸ்வாலா

பி.கு. இதை வீப்கேயிடம் கொடுத்தனுப்ப நினைத்து எழுதினேன், கொடுக்கவில்லை, இன்று தபாலில் போடுகிறேன். செவ்வாய்க்கிழமை கால்நடை மருத்துவர் வந்து ரியூப்பாவை நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்த்தார். உங்களுக்குத் தெரிஞ்சு ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். வியாழன் காலை தெற்கேயிருந்து லாரி வந்தது, நான்தான் ஏற்றிவிட்டேன். வெள்ளி மதியம் விமானம் கிளம்பிவிட்டது.