சுற்றி வரும் போன்

கார்த்திகை, முதல் திங்கள்கிழமை.

இன்று திருவாசகம் படிக்க வந்தது நான், செண்பகம் மதினி, டீச்சரக்கா, கோமு. பேட்டை பொன்னக்கா வரவில்லை.

முன்பெல்லாம் கூட்டம் என்றால் நான் மதினிக்குப் போன் போடுவேன். ஒருத்தி மாற்றி ஒருத்தி சொல்லி, கடைசியில் பொன்னக்கா எனக்கே போட்டு, "ஏட்டி, சேதி வந்துட்டு. சாப்ட்டியா?" என்பாள்.

இந்த வாரம் கோமு வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். பொன்னக்கா பதிலுக்குக் கட்டைவிரல் படத்தை மட்டும் போட்டிருந்தாள்.

"பாத்துட்டாவல்லா, பொறவென்ன யக்கா?" என்கிறாள் கோமு. பார்த்தாள், சரி. ஏன் வரவில்லை? சாயங்காலம் போட்டேன், எடுக்கவில்லை. சாப்பிட்டாயா என்று இந்த வாரம் யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, அதே வாட்ஸ்அப்பில்தான் எழுதி அனுப்பினேன். "அக்கா, கட்டைவிரல் எனக்குப் போதாது. காலையில் போன் போடு."