காசியில் விட்ட காலிபிளவர்

அன்பு நைனா,

நாளை தை அமாவாசை. இப்போது காலை பத்தேகால் மணி. அடுப்படியில் நான்கு காலிபிளவர் இருக்கின்றன: வெள்ளை இரண்டு, ஆரஞ்சு ஒன்று, ஊதா ஒன்று. நீ போனபின் வரும் முதல் தை அமாவாசை, உனக்குப் படையல் போட வேண்டும். இலையில் இதை வைப்பதா வேண்டாமா? எனக்குப் புரியவில்லை.

மூன்று வருஷம் முன்னால் நீயும் அம்மாவும் பெரியப்பாவும் காசிக்குப் போனீர்கள். அங்கே போனால் ஒரு காயை ஆயுசுக்கும் விட்டுவிட்டு வர வேண்டுமாம். பெரியப்பா பாகற்காயை விட்டார். அவர் பிறந்ததிலிருந்தே அதைத் தொட்டதில்லை. அம்மா கொத்தவரங்காய். நீ மட்டும் உனக்கு உயிரான காலிபிளவரை விட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "புடிக்காதத வுட்டா அது வுட்டதாடா?" என்றாய்.

விட்டவன் விட்டபடி இருந்தாயா? அதுவும் இல்லை. சீசன் வந்தால் அடுப்படி வாசலில் வந்து நிற்பாய். மஞ்சள் உப்புத் தண்ணீரில் போட்டுப் பூச்சியை எடு, ஈரத்தைத் துடை, மிளகும் சோம்பும் இடித்துப் போடு, ஓரம் கருகும்வரை கரண்டி வைக்காதே, தண்டைத் தோல் சீவிப் பருப்போடு கூட்டு வை. எல்லாம் சொல்வாய். வாயில் மட்டும் போட மாட்டாய்.

இந்த வருஷம் கொல்லையில் கலர் விதையும் போட்டேன். ஆரஞ்சு லேசாக இனிக்கிறது. தோசைக்கல்லில் உப்போடு வாட்டினால் போதும், மசாலா கேட்காது. ஊதாவை வேகவைத்தால் தண்ணீர் நீலமாகிறது, எலுமிச்சை பிழிந்தால் ரோஸ். அமிலம் பட்டால் அந்தச் சாயம் அப்படித்தான் மாறும் என்றேன். "இன்னாடா இது, சாயப்பட்டறையா?" என்றாள் அம்மா. குருமாவுக்கு இன்னும் வெள்ளைதான்.

நீ காசிக்குப் போனபோது ஆரஞ்சும் ஊதாவும் நம் ஊரில் யாரும் பார்த்ததே இல்லை. அவையும் உன் கணக்கில் சேருமா? ஒரகடம் கம்பெனியில் நான் பார்க்கிற ஒவ்வொரு பார்ட் டிராயிங்கிலும் அது எந்தெந்த மாடலுக்குப் பொருந்தும் என்று எழுதியிருக்கும். நீ ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

பெரியப்பாவைக் கேட்டேன். "நாக்கு பண்ண சத்தியம்டா அது. நாக்கே பூட்ச்சி. தைரியமா வையி" என்றார். அம்மாவோ, விட்டது விட்டதுதான், செத்தால் மட்டும் மாறிவிடுமா என்கிறாள். இரண்டும் சரியாகப் படுகிறது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

நேற்று சாயங்காலம் ஆரஞ்சை வாட்டி அம்மா கையில் ஒரு துண்டு கொடுத்தேன். தட்டிலேயே திருப்பி வைத்தாள். "நீ வுட்டது கொத்தவரங்காதானம்மா?" என்றேன்.

"அவரு வாசப்படில பாத்துக்கினு நிப்பாரு. எனக்கு மட்டும் எப்டிடா எறங்கும்?"

மூன்று வருஷமாக அவளும் தொடவில்லையாம். உனக்குத் தெரியுமா நைனா?

"இப்ப அவரு இல்லியே" என்றேன்.

"அதான்" என்றாள். அதான் என்றால் என்ன? கேட்பதற்குள் மாட்டைக் கட்டப் போய்விட்டாள்.

உன் விஷயம் எனக்கு விளங்கப் போவதில்லை. அதனால் செய்யப்போவது இது:

1. நாளை உன் இலையில் காலிபிளவர் வைக்க மாட்டேன். விட்டவன் நீ, அதை முடிக்க எனக்கு உரிமை இல்லை.

2. காக்காய்க்கும் அதே சோறுதான். அது தின்றாலும் தின்னாவிட்டாலும் அதை உன் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

3. படையல் முடிந்ததும் மிளகு வறுவல் செய்து அம்மா தட்டில் வைப்பேன். நீ சாப்பிடச் சொன்னதாகச் சொல்ல மாட்டேன். நீ சொல்லவில்லை.

4. அவள் தொடாவிட்டால் மறுநாள் குருமா. அதற்கும் மசியாவிட்டால் முட்டை உடைத்து ஊற்றிப் பொரியல். அப்புறம் தண்டுக் கூட்டு. பாத்தியில் இன்னும் நிறைய இருக்கிறது. அவள் ஒரு வாய் சாப்பிடும்வரை நிறுத்த மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மகன், அவளுக்கும் மகன்