நடு டிஃபென்ஸில் உன் இடம்

திண்டிவனம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் காவலில் இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி அலெக்ஸும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன், அதுவும் உண்மையான பதில். போனில் பேசலாமே என்பாய். போனில் நான் ஃபுட்பால் என்று வாயைத் திறந்தாலே "அம்மாகிட்ட குடுப்பா" என்கிறாய். அதனால்தான் கடிதம். ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் புவனேசுவரம் வந்துவிடும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள், ஞாயிற்றுக்கிழமை ஃபைனலுக்கு முன்னால் நீ படித்தாக வேண்டும்.

வீட்டுச் சமாச்சாரம் அதிகமில்லை. மல்லாட்டை பிடுங்கி முடித்தோம், கடலையைக் காயப் போட்ட நாளிலிருந்து வானம் மூடிக்கொண்டே இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மயிலத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்துவிட்டாள்.

செமிஃபைனலை அலெக்ஸ் தன் போனை டி.வி.யில் இணைத்துக் காட்டினான். மார்க்கெட் கமிட்டியில் என்னோடு மூட்டை தூக்கும் பூவரசனும் வந்திருந்தான். உங்கள் கோச் மூன்று பேரை மட்டும் பின்னால் நிறுத்துகிறார். மூன்று பேர் நின்றால் இரண்டு ஓரத்திலும் ஓடுகிற பெண்கள் ஏறவும் வேண்டும் இறங்கவும் வேண்டும். உங்கள் இடது ஓரத்துப் பெண் ஏறுகிறாள், இறங்குவதில்லை. அவள் விட்ட இடத்திலிருந்து எதிர் டீம் பெண்கள் ஆற அமரத் தூக்கிப் போட்ட பந்தெல்லாம் நடுவில் நின்ற உன் தலைக்குத்தான் வந்தது. நான் யாரிடமும் ஆட்டம் கற்றவன் இல்லை, டி.வி. பார்த்தும் சர்ச் மைதானத்தில் நின்று பார்த்தும் தெரிந்துகொண்டதுதான், ஆனாலும் இது தப்பு, இந்தப் பேச்சை மாற்றப் போவதில்லை. நாலு பேரை நிறுத்தியிருந்தால் அந்த கார்னரே வந்திருக்காது, கார்னர் வராவிட்டால் அந்த ஒன்பதாம் நம்பர் பெண்ணின் தலை உன் நெற்றிப் பொட்டில் மோதியிருக்காது.

விழுந்தாய், எழுந்தாய், டாக்டர் ஓடி வந்து விரலைக் காட்டினார், நீ தலையாட்டினாய், ஆட்டம் தொடர்ந்தது. பெஞ்சிலிருந்து அந்த மணிப்பூர்ப் பெண் எழுந்து கோட்டோரம் வந்து நின்றாள், கோச் அவளைத் திரும்ப உட்கார வைத்துவிட்டார். அது கிடக்கட்டும். இடைவேளை முடிந்து எல்லோரும் பக்கம் மாறிப் போனார்கள், நீ மட்டும் பழைய பக்கத்துக்கே போய் நின்றாய். கீப்பர் வந்து உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். காமென்ட்ரிக்காரர் சிரித்தார், அம்மாவும் சிரித்தாள். நான் எழுந்து டி.வி.க்குக் கிட்டே போய் உன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து ஆடுகிறாய், ஒரு நாளும் உனக்குப் பக்கம் தெரியாமல் போனதில்லை.

அன்று சாயங்காலம் வீடியோ காலில் "ஒண்ணும் இல்லப்பா, லேசா இடிச்சிது, அதான் ஜெயிச்சிட்டோம்ல" என்றாய். மல்லாட்டை புடுங்கியாச்சா என்று கேட்டாய், ஆச்சு என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே கேட்டாய். அறை இருட்டாக இருக்கிறதே என்றதற்கு கரண்ட் இல்லை என்றாய். கரண்ட் இல்லாத அறையில் உன் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது ஜெசி. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அப்பாவிடம் சொல்ல என்ன வெட்கம்?

உன் அம்மாவிடம் சொன்னால், "இந்தியா கேம்ப்புக்கு ஆள் எடுக்க ஃபைனலுக்கு வர்றாங்களாம், புள்ள ஆடட்டும், நீங்க சும்மா பேஜாரு பண்ணாதீங்க" என்கிறாள். பூவரசன் அதற்கு மேல். "இன்னாண்ணே, பொண்ண எறக்கலன்னு மூணு மாசமா கோச்ச திட்டிக்கினு இருந்த, இப்ப எறக்கிட்டான்னு திட்டுற, ஒன்னாண்ட மாட்டிக்கினு அந்த ஆளு இன்னாதான் பண்ணுவான்" என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்டுச் சிரிக்கிறான். இரண்டும் ஒரே பேச்சுதான் என்றேன். ஆட முடிகிறவளை உட்கார வைப்பதும் தப்பு, ஆட முடியாதவளை இறக்குவதும் தப்பு. நான் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை, மாறியது உன் உடம்பு.

நேற்று வேலைக்குப் போகாமல் விழுப்புரம் பஸ் ஏறி ஆஸ்பத்திரியில் தலை டாக்டரைப் பார்த்தேன். நோயாளி எங்கே என்றார். புவனேசுவரத்தில் என்றேன். "நோயாளிய ஒரிசாவுல வுட்டுட்டு நீங்க டோக்கன் போட்டுக்கினு வந்தீங்களா" என்று நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வெளிச்சம், மறதி, வாந்தி எல்லாம் விசாரித்தார், முதல் அடி ஆறுவதற்குள் அதே தலையில் இன்னொரு அடி விழவே கூடாது, பந்து பட்டால்கூடக் கூடாது என்றார். அப்போது சிரிக்கவில்லை. பொம்மையார்பாளையத்து கீப்பர் சின்னதுரையும் கோல் கம்பத்தில் தலை மோதிய பிறகு எழுந்து ஆடிக் கோப்பை வாங்கியவர்தான். அதன் பிறகு வெயிலில் கண் திறக்க முடியாமல் அந்த வருடம் முழுக்க மீன் பிடிக்கப் படகு ஏறவில்லை. அந்தக் கோப்பை இன்று யார் வீட்டில் இருக்கிறது என்றுகூட ஒருவருக்கும் தெரியாது.

இன்று காலை உங்கள் கோச்சுக்கே போன் செய்தேன். நம்பர் அலெக்ஸ் கொடுத்தான், கோபித்துக்கொள், பரவாயில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஜெசிந்தா நோ ப்ளே, ஹெட் பெயின் என்றேன். மூன்று பேர் டிஃபென்ஸ் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன், அவருக்குப் புரியவில்லை, மானேஜர் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா கொஞ்சம் தமிழ் பேசினார். பிளேயரே எனக்கு ஒன்றுமில்லை என்கிறாள், டாக்டரிடமும் அப்படித்தான் சொன்னாள், அப்பா சொல்கிறார் என்று எப்படி நிறுத்துவது என்று கேட்டார். கோச்சைத் திட்டவும் வழியில்லாமல் போய்விட்டது. நீ பொய் சொல்கிறவரை அங்கே யாரும் உன்னை உட்கார வைக்கப் போவதில்லை.

ஆகையால் கடிதம் கையில் கிடைத்ததும் டாக்டரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல். மாத்திரை போட்டு வலியை அடக்கிக்கொண்டு போகாதே. கேம்ப் போனால் போகட்டும். உன்னை ஜில்லா டீமில் எடுக்கவில்லை என்று விழுப்புரம் மைதானத்தில் செலக்டர்களோடு சண்டை போட்டவன் நான், அடுத்த வருடம் இந்தியா செலக்டர்களோடும் போடுவேன். அதற்கு நீ நல்லபடியாக இருக்க வேண்டும்.

ஃபைனலுக்கு நான் டீம் எடுத்துவிட்டேன். நாலு பேர் டிஃபென்ஸ், உன் இடத்தில் அந்த மணிப்பூர்ப் பெண். மெதுவாகத்தான் ஓடுகிறாள், பக்கத்தில் இருப்பவள் பார்த்துக்கொள்ளட்டும். உன் பெயர் இல்லாமல் நான் எடுத்த முதல் டீம் இது. யார் சொன்னாலும் மாற்ற மாட்டேன், நீ அழுதாலும் மாற்ற மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, போனை நோண்டாமல் தூங்கு. மாதா உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும், அம்மாவும் ஜெபத்தில் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் டி.வி. முன்னால் உட்காருவோம். பெஞ்சில் நீ உட்கார்ந்திருப்பதை கேமரா ஒரு தடவையாவது காட்டும். எனக்கு அது போதும், கோல் யார் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத உன் அப்பா,
ம. ஆரோக்கியராஜ்