யார் யாருக்கு என்ன வருத்தம்

9 ஜனவரி 2025, வியாழன்

மகள் நதீரா சேர்ந்திருக்கும், ஆள் சேர்த்து வைட்டமின் விற்கும் கொம்பனியின் லீடர் இன்று வீட்டுக்கு வந்தாள். அட்டாளைச்சேனைப் பிள்ளை, ஜெனூபா. நல்ல மரியாதை. "வாப்பா, ஒங்கட சொந்தத்துல யார் யாருக்கு என்ன வருத்தம் எண்டு சொல்லுங்க. அவங்களுக்கு உதவி செய்வம்" என்றாள்.

மஃரிபுத் தொழுகை வரைக்கும் சொன்னேன். மீராமுகைதீனுக்குச் சீனி வருத்தம், மக்கீனுக்கு முழங்கால், நாச்சியாவுக்குத் தூக்கமில்லை. எந்த வருசம் தொடங்கியது, எந்த டொக்டரிடம் காட்டினார்கள், எல்லாம். நதீரா எழுதிக் களைத்துப் போனாள். "ஒங்கட தலைக்குள்ள ஒரு கச்சேரி பைல் அறையே இரிக்கி வாப்பா" என்று அந்தப் பிள்ளை சிரித்தது.

பள்ளிக்கூடம் போகாதவன் நான். ஓதப்பள்ளியில் படித்த அரபெழுத்தில் தமிழைக் கிறுக்குவேன், அவ்வளவுதான். என்னைக் கதிரையில் இருத்தி இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தது சந்தோசமாக இருந்தது.

தங்கச்சி சபூறாவின் மகள் றினோஸாவைப் பற்றியும் சொல்லிவிட்டேன். கலியாணம் முடித்து நாலு வருசம், பிள்ளை இல்லை. சபூறா என்னிடம் மட்டும் அழுது சொன்னது அது. உதவிதானே செய்யப் போகிறார்கள்?

26 ஜனவரி, ஞாயிறு

கொம்பனிக் கூட்டம். நதீரா, தன் மாமி சபூறாவையும் றினோஸாவையும் கூட்டிக்கொண்டு போனாள். மாமி வீட்டுக்கு வைட்டமின் போத்தலும் ஒன்று கொடுத்திருக்கிறாள். வந்ததும் நதீராவின் முகம் சரியில்லை. கேட்டேன்.

ஜெனூபா மைக்கில், "இங்க ஒரு தங்கச்சி நாலு வருசமாப் பிள்ளைக்கு ஏங்கிட்டு இரிக்கா. றினோஸா, எழும்பி நில்லுங்க" என்றாளாம். ஊர்ப் பெண்கள் நிறைந்த ஹோல்.

"அவ நல்லதுக்குத்தான் சென்னா வாப்பா."

"எழும்பி நின்டாளா?"

"நின்டாள்."

28 ஜனவரி, செவ்வாய்

சபூறா வந்தாள். சீல் உடைக்காத போத்தலை மேசையில் வைத்தாள். இருக்கவில்லை.

"காக்கா, நான் ஒங்கக்கிட்ட மருந்தா கேட்டன்?"

அவ்வளவுதான். போய்விட்டாள்.

14 பெப்ரவரி, வெள்ளி

அன்றைக்குப் பிறகு சபூறா இந்தப் பக்கம் வரவில்லை.

31 மார்ச், திங்கள்

நோன்புப் பெருநாள். உம்மா மவுத்தான பிறகு எந்தப் பெருநாளுக்கும் சபூறா வராமல் இருந்ததில்லை. பகல் வரைக்கும் பார்த்தேன். பிறகு நானே போனேன். சபூறாவின் மருமகன்தான் வாசலுக்கு வந்தான். "மாமி குளிக்கிறா" என்றான். நல்ல பொடியன், பொய் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

6 ஆகஸ்ட், புதன்

நதீராவின் மகள் நஸ்லாவுக்கு இந்த மாதம் கலியாணம். அழைப்புக் காட் அடித்தாயிற்று. காட் மட்டும் போதாது, மூத்த ஒருவர் வாசலில் நின்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வரமாட்டார்கள், சண்டையும் வரும்.

கையில் கிடைத்த பேக்கில் காட்களைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். மீராமுகைதீன் வீட்டில் டீவி சத்தம் நின்றது. அவருடைய பேத்தி வந்து, "வாப்பப்பா இல்லையாம்" என்றாள். நாச்சியா வீட்டில் ஜன்னல் திரை ஆடியது, கதவு திறக்கவில்லை. மக்கீன் மட்டும் வெளியே வந்தான்.

"முழங்கால் இப்ப குதிரை மாதிரி மச்சான். எனக்கு ஒண்டும் வேணா."

"கலியாணம் செல்ல வந்தன்டா."

"அத முதல்ல செல்லக்கூடாதா? அந்தப் பேக்கக் கண்டு நடுங்கிட்டன்."

குனிந்து பார்த்தேன். கொம்பனிப் பேக். பச்சை இலைப் படம்.

வீட்டுக்கு வந்து நதீராவிடம் சொன்னேன். மகளுக்குச் சீதனமாக வாங்கிய அலுமாரியைத் திறந்து காட்டினாள். உடுப்பு இல்லை, போத்தல்தான். "கொம்பனியில நம்மட பட்டம் எறங்காம இரிக்க மாசாமாசம் எடுக்கணும் வாப்பா. சொந்தக்காரர் எடுக்கல்ல, நானே எடுத்தன்." பாதிக்குத் திகதி முடிந்திருந்தது. என் மகள் அழுது நான் கண்டு பல வருசம்.

9 ஆகஸ்ட், சனி

இருவரும் சபூறாவிடம் போனோம். பேக் இல்லாமல், அழைப்புக் காட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. நதீரா முன்னால் போனாள். "மாமி, நான் கொம்பனிய உட்டுட்டன். என்னோட கோவமெண்டா ஏசுங்க. நஸ்லாட கலியாணத்துக்கு வராம இரிக்காதீங்க."

சபூறா ஏசவில்லை. "வாறம்" என்றாள். தேத்தண்ணி தந்தாள். றினோஸா அறையை விட்டு வெளியே வரவில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு

கலியாணம் நல்லபடி முடிந்தது. வராதவர்களும் உண்டு.

சபூறா வந்தாள். பின்னால் றினோஸா. அபாயாவையும் மீறி வயிறு தெரிந்தது. ஐந்தாறு மாதம் இருக்கும். இந்தக் குடும்பத்தில் யாருக்குத் தலை சுற்றினாலும் முதலில் என்னிடம்தான் சொல்வார்கள். இதை யாரும் சொல்லவில்லை.

"எப்பிடிப் புள்ள, எல்லாரும் சுகமா?"

"அல்ஹம்துலில்லாஹ். சுகம் காக்கா."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. றினோஸா வியர்த்துப்போய் நின்றாள். ஃபேனுக்குக் கீழே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு ஆண்கள் பக்கம் போனேன்.