ராம் யார்?

கொழும்பு,
செப்டம்பர் 2008

அன்புள்ள அம்மா,

ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேசினோம். அதற்குள் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். பக்கத்து அறைக்குக் கேட்குமென்று போனில் எல்லாம் பேச முடிவதில்லை. முழங்கால் வலி குறைந்ததா? அப்பா அந்த இருமலோடு தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிறாரா?

நான் சுகம். ஆபீசில் திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய கம்பியூட்டர் ஒன்று மெதுவாகிவிட்டது. அதற்கு ராம் மாற்றும் வேலையை எனக்குத் தந்தார்கள். ராம் என்பது கம்பியூட்டரின் ஞாபகத்துக்கான சின்னத் தகடு. முதுகு மூடியை நானே கழற்றினேன். வாங்கியிருந்த ராம் நீளம் கூடியது, பொருந்தவில்லை. அதைக் கடையில் மாற்றப் போகும் வழியில் ஆமிக்காரர்களின் சோதனைச் சாவடியில் பையைத் திறந்தார்கள்.

"மே மொகத?" இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார் ஒருவர்.

"ராம், சேர்."

"ராம் கவுத?"

ராம் யாரென்று கேட்கிறார்! சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும், "அவன் எங்கே இருக்கிறான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மேனேஜர் வந்து விளக்கும்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வேறொன்றும் செய்யவில்லை, அம்மா.

புது ராம் போட்டதும் கம்பியூட்டர் நன்றாக ஓடுகிறது. ஆபீசில் என்னைக் கண்டாலே, "ராம் சுகமா?" என்று கேலி செய்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். அறைக்கு வந்தால் சோறு இறங்குவதில்லை.

ஒரு ஞாயிறு வந்து என்னோடு இருந்துவிட்டுப் போக முடியுமா? வரும்போது கொஞ்சம் மாசிச் சம்பலும் என் பழைய கம்பளியும் கொண்டுவாருங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
யோகமலர்

இன்னொன்று. அப்பா நன்றாக இருக்கும்போது இதைக் கேட்கக் கூடாதுதான். வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். கொழும்பு பஸ்ஸில் ஏறுமுன் பொட்டை அழித்துவிடுங்கள், அம்மா.