கிராணி மகன்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ரப்பர் தோட்டத்து வீடுகளை இடித்த பிறகு, இரண்டு மாதமாக நானும் லதாவும் ஈப்போவில் அவள் தங்கை வீட்டு ஹாலில்தான் படுக்கிறோம். இன்று மாலை அங்கேயே உட்கார்ந்து ஒரு மராத்தி நகைச்சுவைப் படம் பார்த்தோம். வீடு தேடி வரும் ஒருவனை வேறு யாரோ என்று நினைத்து ஒரு குடும்பமே உபசரிக்கிறது. அவனும் உண்மையைச் சொல்லாமல் தங்கிவிடுகிறான். லதா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் கோப்பெங்கில் வாடகைக்கு வீடு கேட்கப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மா என் முகத்தையே பார்த்தார்.

“தம்பி, நீ கிராணி மாணிக்கம் மகன்தானே? அப்படியே அவரு முகம்லா!”

நான் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்த சின்னப்பனின் மகன். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய அந்தக் கிராணி என் அப்பாவை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆனால் ஏற்கனவே நான்கு வீடுகளில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

“ஆமாக்கா,” என்றேன்.

“உங்கப்பாதான் எங்கண்ணனுக்கு வேலை போட்டுக் கொடுத்தாரு. உனக்கு இல்லாத வீடா? ஞாயித்துக்கிழமையே வந்துரு.”

வீடு கிடைத்ததை மட்டும் லதாவிடம் சொன்னேன். எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வாய் வரவில்லை. படம் முடிந்ததும் அவள் சாமான்களை அடுக்க ஆரம்பித்தாள். பால் வாளியோடு அப்பா நிற்கும் போட்டோவைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

“மொதல்ல மாமா போட்டோவத்தான் மாட்டணும். உள்ள வர்றவங்க கண்ணுல படுற மாதிரி வாசலுக்கு நேரா மாட்டிருவோம், என்னாங்க?”

சரி என்றேன்.