ஆமைகளுக்கு விட்டுவைத்த தண்ணீர்

தலைவரம்மாவுக்கு,

கல்லூரியில் வகுப்பெடுத்த காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொண்டால்தான் எனக்கு எழுத வரும்.

1. இன்று காலை வந்த மண் வாசனை.
2. மதகு திறக்கப்படாத அந்த நாள்.
3. ஏரிக்கும் ஆமைகளுக்கும் பிறகு நேர்ந்தது.
4. ஆமைகளுக்காகத்தான் நீங்கள் மதகைத் திறக்கவில்லை என்பதில் எனக்குள்ள ஆறுதல்.

காலையில் வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. கிரிவலப் பாதையில் புதிதாகக் கட்டும் விடுதியின் தோட்டத்துக்கு வண்டல் மண் கொண்டுபோகிறார்களாம். எந்த ஏரி என்று ஓட்டுநரைக் கேட்டேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் என்று தொடங்கி, உங்கள் ஊரின் பெயரைச் சொன்னார். வற்றிய சேற்றின் புளித்த வாசனை, வண்டி போன பிறகும் வாசலிலேயே இருந்தது. காபியைக் குடிக்க முடியவில்லை. நீங்கள் போய் ஒரு கோடை கடந்துவிட்டது. உங்கள் காரியத்துக்கு வந்தும், ஊராரின் முகத்தைப் பார்க்கத் தயங்கி, பந்தலுக்கு வெளியே சற்று நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நம்மை அறிமுகப்படுத்தியது அரசுப் பணம். அருகிவரும் பாலாமைகளை மீட்கும் திட்டத்துக்கு உங்கள் ஏரியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன் என்று என்னை ஆலோசகராகப் போட்டார்கள். ஏரிப் பாசன சங்கத் தலைவராக நீங்கள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். கோடையில் ஏரியில் மிஞ்சும் தண்ணீரைப் பாசனத்துக்குத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதற்கு ஈடாக, இரண்டாம் தவணைப் பணத்தில் ஊருக்குப் பொதுக்கிணறு வெட்டித் தருவதாக நம்மிடம் சொன்னார்கள். முதல் தவணையில் அறிவிப்புப் பலகையும் கம்பி வேலியும் மதகுக்குப் புதுப் பூட்டும் வந்தன. சாவியை உங்களிடம் கொடுத்தார்கள்.

"ஆமைக்குப் பூட்டு, எங்களுக்குப் போர்டு. நல்லாதான் பிரிச்சிருக்கீங்க சார்," என்றீர்கள்.

மழை ஏமாற்றிய ஆண்டில், நவரைப் பட்டத்து நெல் பால் பிடிக்கும் நேரம் பார்த்துக் கிணறுகள் வற்றின. இன்னும் ஒரு தண்ணி பாய்ந்தால் கதிர் தேறிவிடும். மதகு திறக்கும் நாட்களில் செய்வதுபோலவே ஊரார் தேங்காயும் கற்பூரமுமாக ஏரிக்கரைக்கு வந்துவிட்டார்கள். நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. நான் வேலியோரம் குடைக்குள் ஒதுங்கி நின்றேன். நீங்கள் என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டீர்கள். பதில் சொன்னேன். உடனே கூட்டத்தின் பக்கம் திரும்பினீர்கள்.

"தேங்காய எடுத்துனு போயி வீட்ல சட்னி அரைங்க. மதகு தெறக்கறதில்ல."

உங்கள் கொழுந்தனார்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஆமைக்கு ஓட்டு இருந்தா அண்ணி எம்எல்ஏ ஆயிடும்."

சிலர் சிரித்தார்கள். காரணம் எதையும் நீங்கள் சொல்லவில்லை. கடைமடையில் இருந்த உங்கள் நிலம்தான் முதலில் காய்ந்தது. அடுத்த முறை நான் வந்தபோது ஒரு கதிரைக் கசக்கி என் உள்ளங்கையில் போட்டீர்கள். அத்தனையும் பதர். அடுத்த சங்கத் தேர்தலில் உங்கள் பெயரை யாரும் முன்மொழியவில்லை. கொழுந்தனார் தன் மகள் கல்யாணத்துக்கும் உங்களை அழைக்கவில்லை.

இரண்டாம் தவணை வரவேயில்லை. திட்டம் முடிந்துவிட்டது என்று மட்டும் தெரிவித்தார்கள். காத்துவைத்த தண்ணீரை வெயில் குடித்தது. ஆமைகள் சேற்றுக்குள் புதைந்துகொண்டன. பாலாமை கோடையைத் தாங்கும் வழி அது. பிறகு வண்டல் அள்ள இயந்திரம் வந்தது. அதற்கும் முறையான அனுமதி இருந்தது. கேள்விப்பட்டு நான் ஓடிவந்தபோது, மண்ணோடு வாரிக் கொட்டப்பட்டவை ஓடு பிளந்து கரையில் கிடந்தன. காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. எனக்கு முன்பே நீங்கள் அங்கே நின்றிருந்தீர்கள்.

"உங்க புள்ளைங்க சார்," என்றீர்கள்.

இனி நான்காவது. இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. நான் எடுத்துச் சொன்னதை ஏற்று, வேறோர் உயிருக்காகத் தன் விளைச்சலையே விட்டுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார் என்பது. சில கூட்டங்களில் பெயர் சொல்லாமல் உங்களைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன். அதைச் சரியாக எழுத வேண்டும் என்றுதான், வேலியோரம் நீங்கள் கேட்டதைச் சொல் மாறாமல் இப்போது நினைவுக்குக் கொண்டுவந்தேன்.

"தெறந்துட்டா கெணத்துக்கு வர்ற பணம் நின்னுடுமா சார்?"

"நின்னுடும்னுதான் நெனைக்கிறேன்மா."

அவ்வளவுதான் பேசினோம். ஆமைகளைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஒரு போகம் போனாலும் ஊருக்குக் கிணறு வரட்டும் என்று நின்றீர்கள். கைக்கு வராத கிணற்றைச் சொல்லி ஊரைச் சமாதானப்படுத்த உங்களுக்கு மனம் வந்திருக்காது. அதனால் ஏச்சையும் வாங்கிக்கொண்டீர்கள். எனக்கே நிச்சயமில்லாத ஒரு பதிலை நம்பி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கரையிலிருந்து இறங்கிப் போனீர்கள்.

அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. நான்காவதாக எழுதியது தவறு, தலைவரம்மா.